முதல் பட்டதாரி

பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க
நாலு மணிக்கு எழுப்பிவிட்டது அண்ணன்தான்.
படகுக்குப் போகிற வழியில்
ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டு.
தொகையிடலில் சிக்கி நான் உட்கார்ந்திருப்பேன்,
அவன் டார்ச் வெளிச்சம் கரை வரைக்கும் போகும்.

கடலுக்குப் போகாத நாளில்
வலை பொத்திக்கொண்டே ஒரு மார்க் கேள்விகள் கேட்பான்.
விடைப் பக்கம் திருப்பாமலே
தப்பு என்பான்.

தடைக்காலத்தில் ரிசல்ட்.
கட்-ஆஃப் நூற்றெண்பத்தாறரை.
கிண்டி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

பாம்பன் இ-சேவை மையத்தில்
கரண்ட் போய் வந்து, போய் வந்து
"வீட்ல யாராச்சும் டிகிரி?"
அப்பா இல்லை. அம்மா இல்லை.
"கூடப் பொறந்தவங்க?"

ஜெனிஸ்டன் தன் டி.சி.யை எடுத்து
மேஜையில் விரித்தான்.
பி.எஸ்சி. கணிதம். இரண்டாம் ஆண்டோடு நின்றவர்.
அப்பா யாழ்ப்பாணச் சிறையிலிருந்த வருடம் அது.

"முடிக்கலையா? அப்ப பிரச்சினையில்ல.
வி.ஏ.ஓ. கேட்டா இதையே காட்டுங்க."

ஒப்புகைச் சீட்டு
சூடாக வந்து விழுந்தது, என் பெயரில்.

வெளியே கச்சான் காற்று.
சீட்டு பறந்துவிடாமல்
தன் டி.சி.யை அதன்மேல் வைத்து
அழுத்திப் பிடித்தபடி நடந்தான்.