திரவமா, திடமா

காலை ஆறு மணிக்கு
ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்துப் படம் எடுத்தேன்.
நெய் மணல் மணலாக உறைந்திருந்தது.
மத்தியானம் இரண்டு மணிக்கு
அதே மேசை, அதே பாட்டில்.
சாய்த்த பக்கம் சாய்ந்தது.
இரண்டையும் இணைத்து அனுப்பினேன்,
கோரிக்கை எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 7719.

அவர்கள் கேட்டது ஒரே கேள்வி.
சேதமான பொருள் திரவமா, திடமா?
கண்ணாடியில் அடைத்த திரவத்துக்குக் காப்பீடு இல்லை,
பதினான்காம் விதி, உட்பிரிவு இ.
திடமென்றால் பரிசீலிப்பார்களாம்.

ஊத்துக்குளி ஆர்.எஸ்ஸில்
சரக்கு ரயில் கடக்கும்போதெல்லாம்
எங்கள் கிடங்கின் பாட்டில்கள்
ஒன்றையொன்று லேசாக இடித்துக்கொள்ளும்.
அந்தச் சத்தத்துக்கு நடுவே போனில் கத்தினேன்:
“ஏனுங்க, நெய்யுங்க அது.
விடியறப்பத் திடம், வெயில் ஏறுச்சுன்னா திரவம்.
உடைஞ்சது எந்நேரம்னு நீங்கதான் சொல்லோணும்.
வண்டி உங்களுதுங்க.”

எதிர்முனையில் ஒரு பையன், பிரணேஷ் என்றான்.
சிரித்துவிட்டான்.
அழைப்பு பதிவாகிறது என்பது ஞாபகம் வந்து
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

ஆறு அரை லிட்டர் பாட்டில்,
ஒன்று அறுநூற்றுத் தொண்ணூறு.
ஜபல்பூர் ராணுவக் குடியிருப்பிலிருந்து
லூர்துசெல்வி அனுப்பிய படங்களில்
அட்டைப்பெட்டி நெய்யைக் குடித்துக் குடித்து
அதன் வழியே சமையலறை விளக்குத் தெரிந்தது.
மேலே பார்க்கவேண்டிய அம்பு
தரையைப் பார்த்தது.
உடையக்கூடியது என்று மூன்று மொழியில் ஒட்டியிருந்தேன்.
எங்கேயோ ஒரு கை
மூன்றையும் படிக்கவில்லை,
அல்லது படிக்க நேரமில்லை;
இரவுப் பணியில் ஆயிரம் பெட்டி தூக்குகிற கை
எல்லா அம்பையும் பார்க்குமா என்ன.

சம்பூரணத்தக்கா அன்றைக்கே சொல்லிவிட்டார்:
“மொதல்ல அந்தம்மா பணத்தைத் திருப்பிப் போட்டுரு.
சண்டையெல்லாம் அப்பறம்.”
போட்டாயிற்று. நாலாயிரத்து நூற்று நாற்பது.
சண்டை மட்டும் என் பங்கு.

கூரியர் கிளையில் சான்று கேட்டுப் போனேன்.
“எடுக்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சுன்னு வேணா எழுதித் தாரனுங்க.
அதுக்கு மேல எனக்கொண்ணும் தெரியாது”
என்று முத்திரை குத்தினார் நல்லசிவம்,
தலைகீழாக.
அதையும் ஸ்கேன் செய்து ஏற்றினேன்.
கோப்பு பெரிதாக இருக்கிறது என்று திரும்பி வந்தது.
சிறிதாக்கினேன்.
தெளிவில்லை என்று திரும்பி வந்தது.

இருபத்து மூன்றாம் நாள் ஒரு வரி:
திடப்பொருளென ஏற்கப்படுகிறது.
பேக்கிங் செய்கிற ஐந்து பேருக்கும்
டீயும் போண்டாவும் வாங்கினேன், என் காசில்.
சொன்னதும் மரகதம் கேட்டாள்:
“இத்தனை நாளா அவங்க நெய்யே பார்த்ததில்லையாக்கா?”

கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரி இருந்தது.
சேதமுற்ற பொருளும் மூல உறையும்
ஆய்வாளர் வரும்வரை பாதுகாக்கப்பட வேண்டும்.

லூர்துசெல்விக்குச் செய்தி அனுப்பினேன்.
ராத்திரி பதினொன்றுக்குப் பதில்:
“ஐயோ, மன்னிச்சுக்கோங்க.
போன வாரம் இங்க நாலு டிகிரி.
கண்ணாடியைப் பொறுக்கி எடுத்துட்டு
பெட்டியை வாசல்ல போட்டு எரிச்சுட்டோம்.
ஒரே குச்சியில பத்திக்கிச்சு.
காவலுக்கு நின்ன பசங்க பதினோரு பேரு
சுத்தி உக்காந்து கையைக் காட்டுனாங்க.
ரொம்ப நேரம் எரிஞ்சுதுங்க.”

திட்ட வாயெடுத்தேன்.
என்னவென்று திட்டுவது?

இன்று காலை கடைசிப் படிவம் வந்தது.
சேதத்தின் தற்போதைய நிலை:
திரவம். திடம். பிற.
பிற என்பதைத் தொட்டால் ஒரு பெட்டி திறக்கிறது,
முப்பது எழுத்துக்குள் விவரிக்கவும்.
இரண்டு முறை எழுதி அழித்தேன்.
பிறகு,
நாலு டிகிரி. பதினோரு பேர். தீ.

அனுப்பு என்பதை அழுத்தும்போது
ஈரோட்டுப் பக்கம் போகிற சரக்கு ரயில்.
பாட்டில்கள் பேச ஆரம்பித்தன.
மரகதம் டேப்பைக் கிழித்தபடி கேட்டாள்,
“இந்தப் பெட்டி எங்கக்கா போகுது?”
சிம்லா, என்றேன்.
இன்னொரு சுற்று அட்டை வை.