மூடி

பொகோட்டா, பதின்மூன்றாம் சாலை.
கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் நான்,
ஒன்பதாம் மாடியில் வில்மார்.
எங்கள் முதலாளிகள் உலகறிய
ஒருவரையொருவர் ஏசிக்கொள்கிறார்கள்.
எங்களுக்கோ ஒரே லிஃப்ட்,
ஒரே ஓட்டைக் குடைத்தாங்கி,
கீழே நடைபாதையில் நூபியாவின்
ஒரே எம்பனாடா வண்டி.

நான் அழிப்பவள்.
ஒரு பதிவுக்கு நாற்பது நொடி.
வில்மார் விட்டுவைப்பவன்.
அவனுக்கு நொடிக்கணக்கு இல்லை,
ஆளும் இல்லை.
எழுபது பேரில் பதினொருவரை வைத்துக்கொண்டு
மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள்,
பேச்சுச் சுதந்திரம் என்று கிரீமில் எழுதிய
கேக்கை வெட்டி.

எங்கள் மாடி இடதுசாரிகளின் கூடாரம் என்றார் ஒரு மந்திரி.
அதே வாரம் வலதின் கைக்கூலி என்று
பல்கலைக்கழகச் சுவரில் எழுதியிருந்தது.
என்னைக் கேட்டால்,
வலிப்பது இடது மணிக்கட்டு.
நான் இடக்கைக்காரி.

இந்த ஊரில் ஒரு சொல் உண்டு.
தோழனை அதைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்.
பஸ் போய்விட்டால் அதைச் சொல்லித்தான்
நம்மையே நொந்துகொள்வோம்.
என் தம்பி எய்தெர் பதினாறு வயதில்
பள்ளிச் சுவரோரம்
அதே சொல்லை முகத்தில் வாங்கினான்.
உதட்டில் மூன்று தையல்.
சொல் ஒன்றுதான், வாய்தான் வேறு.
விதிப்புத்தகம் கடல் தாண்டி வருகிறது.
வாயைப் பற்றி அதில் பக்கமில்லை.

செவ்வாய்க்கிழமை, மூன்றேகால் மணி.
என் வரிசையில் ஒரு வீடியோ:
நகராட்சி லாரி,
சீருடைகள் தூக்கி ஏற்றும் தள்ளுவண்டி,
கொட்டிய எண்ணெய் தார்ச்சாலையில்
தனக்கென ஒரு வழி தேடி ஓடுகிறது.
முதுகு காட்டி ஒருத்தி கத்துகிறாள்.
சீருடையைப் பார்த்து அந்தச் சொல்.
இன்னொரு முறை அந்தச் சொல்.
முப்பத்தோராம் நொடியில் அழித்தேன்.
முப்பத்து மூன்றில் திரும்பியிருக்கிறாள்.
அதற்குள் நான் அடுத்ததில் இருந்தேன்:
பூனை, துப்பாக்கி, யாருடையதோ பிறந்தநாள்.

ஒன்பதாம் மாடியில் அது ஓடிக்கொண்டே இருந்தது,
முகத்தோடு.
நாற்பதாயிரம் பேர் கூடினார்கள்,
முதலில் அவளுக்காக.
இருட்டுவதற்குள் அவளுக்கு எதிராக:
வீட்டுக் கதவின் நிறம்,
மகள் படிக்கும் பள்ளி,
எண்ணெயில் என்ன கலக்கிறாள் என்றொரு கதை.
வில்மார் பதினேழு முறை மேலே அனுப்பினான்.
ஒன்பதுக்கு மேல்
மொட்டைமாடிதான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை
வண்டி நின்ற இடத்தில்
ஒரு பிளாஸ்டிக் வாளியோடு அந்த முதுகு.
வாளிக்குள் துணி, துணிக்குள் சூடு.
எங்களுக்கு மிளகாய்ச் சாறு தனியாக
என்பதை நூபியா மறக்கவில்லை.

"கம்ப்யூட்டர் உங்களுக்குத் தெரியுமே" என்றாள்.
"ஓரிடத்தில் நான் பேசவே இல்லையாம்.
இன்னோரிடத்தில்
நான் பேசியதைத் தவிர எல்லாம் இருக்கிறது.
வண்டிக்காகத்தானே கத்தினேன்?
வண்டியைப் பற்றி எங்காவது ஒரு வரி உண்டா?"

வில்மாரின் வாய் நிறைய எம்பனாடா.
நான் காசை எண்ணினேன்,
ஏற்கெனவே எண்ணிய காசை.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள்.
முடியும், அதற்குத்தான் எனக்குச் சம்பளம்,
என்ன, மூடி பெரிதாகி
அடுப்பே அணைந்துவிடுகிறது.
ஒன்பதில் மூடியை விற்றுவிட்டார்கள்.
பொங்குவது பாலா வெந்நீரா என்பதெல்லாம்
அருகில் நிற்பவளின் தோலுக்குத் தெரியும்.

லிஃப்டில் அவன் பேசவில்லை.
நான்கில் கதவு திறந்தது,
நான் இறங்கவில்லை.
ஒன்பதில் திறந்தது,
அவனும் இறங்கவில்லை.
கீழே யாரோ பொத்தானை அழுத்த
மறுபடி தரைத்தளம்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே
மீதிச் சில்லறையை உயர்த்திக் காட்டி
நூபியா எங்களைக் கூப்பிட்டாள்,
அந்தச் சொல்லைச் சொல்லி.
உதடு மட்டும் தெரிந்தது.
எந்த வாயால் சொன்னாள் என்று
கேட்கவில்லை.