புழக்கடை விழுங்கியவை

ஐப்பசியில் அது விழுங்கியது
அரை லோடு ஜல்லி.
மஞ்சக்குட்டை மேட்டில் வண்டி ஏறாதென்று
தார் ரோட்டிலேயே கொட்டிவிட்டுப் போனான் வேன்காரன்.
இருபத்தேழு கூடை, என் தலை.
ஒன்பதாம் நாள் பார்த்தால்
கல் கிடந்ததற்கு அத்தாட்சியாக
ஒரு கல்கூட இல்லை.

கார்த்திகையில் காபித்தோல்.
பல்பர் கொட்டகையில் சும்மா கொடுத்த ஆறு மூட்டை.
ஒரு நாள் மெத்தை.
மறுநாள் புளித்த வாடை.
அதற்கடுத்த நாள் வெள்ளையாய்ப் பூஞ்சணம் பூத்து
சாம்பல் பேட்டுக்கு மூச்சு இரைத்தது.
போட்ட கையாலேயே வாரினேன்.

இடையில் விழுங்கியவை:
பையனின் இடது கால் செருப்பு,
சோத்துக் கரண்டி,
கிண்ணிக்கோழி இட்ட இடம் தெரியாத முட்டைகள்,
பொரித்து நாலு நாளான ஒரு குஞ்சு.
அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சேறு என்று தனியாக ஒன்றும் இல்லை.
சேர்வராயன் மலை மழை,
கொஞ்சம் செம்மண், எச்சம்,
பதினொரு பேடு, ஒரு சேவல்.
இருபத்து நான்கு கால்கள்
விடிந்தது முதல் அடையும் வரை
மாவு பிசைகின்றன.

கோணக்காலிக்கு உள்ளங்காலில் வீக்கம்.
உப்புப் போட்ட வெந்நீரில் காலை அமிழ்த்தி
மடியில் வைத்திருந்தேன்.
பஸ்ஸில் சீட்டுக் கிடைத்தவள் மாதிரி
சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தது.

"வித்துடு எல்லாத்தையும்" என்றார் தங்கையன்.
கோழிக்கு விலை உண்டு,
சேற்றை யார் வாங்குவார்?

எனக்கு முன் இந்த வீட்டில் குடியிருந்தவள் பெயர் ரெஜினா.
முகம் தெரியாது.
கால் வழுக்கும்போதெல்லாம்
அவள் பெயரைச் சொல்லித் திட்டுவேன்:
இப்படியா ஒருத்தி புழக்கடையை விட்டுவிட்டுப் போவாள்!
இரண்டு வருஷமாக
நாளைக்கு நாலு தடவையாவது.

மார்கழியில் பனி விலகிய ஒரு காலை
கூரைக்குக் கால் நட, கடப்பாறையைப் போட்டேன்.
ணங்.
சுரண்டினால் கல்.
பக்கத்தில் இன்னொரு கல்.
படுக்கை வசமாய், ஒரு சாண் இடைவெளி விட்டு
இரண்டு வரிசை,
அடுப்படிச் சுவர் ஓரத்திலிருந்து
சரிவைப் பார்த்துப் போகிறது.
யாரோ குந்தி உட்கார்ந்து
ஒவ்வொரு கல்லாய்த் திருப்பிப் பார்த்து வைத்திருக்கிறாள்.

மண்வெட்டியோடு அதன் பின்னே போனேன்.
மண்புழுவுக்காக
என் பின்னே பன்னிரண்டு மேஸ்திரிகள்.
போய், போய்,
நேரே என் கோழிக்கூட்டுக்குக் கீழே நுழைந்தது.

வந்த முதல் வாரம் நான் வைத்த கூடு.
சமதளம் அங்கேதான் இருக்கிறதென்று
சிமெண்ட் பூசி, செங்கல் அடுக்கி,
அதன் வாய்மேல் வைத்தது.

"ரெஜினா" என்று ஆரம்பித்தேன்.
மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கூட்டை நகர்த்த மூன்று ஆள், இரண்டு கெட்டில் டீ.
சிமெண்ட் உடைந்ததும்
தண்ணீர் சற்று நேரம்
நம்பாமல் நின்றது.
அப்புறம் மடக் மடக்கென்று
தொண்டையில் இறங்குவதுபோல் இறங்கிற்று.

அதற்குப் பிறகுதான் மரச்சில்லு.
அறுவை மில்லில் சில்வர் ஓக் சீவல், முழங்கால் கனம்.
இப்போது அவை நடந்தால் சத்தம் கேட்கிறது.
சரக், சரக்.
கூரை இறவாணத்தின் கீழே புழுதி கண்டுபிடித்து
கோணக்காலி ஒருக்களித்துப் படுத்துக்
குளித்துக்கொண்டிருக்கிறது,
புழுதியில்,
எங்கள் வீட்டில்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு பெரிய மழை.
விடிவதற்குள் கீழ் வீட்டிலிருந்து
சின்னப்பொண்ணு குரல்:
"எந்தப் புண்ணியவதி வீட்டுத் தண்ணி இது?
என் வாத்துக் கொட்டாய் மெதக்குது!"

அவள் குடிவந்து எட்டு மாதம்தான்.
கொட்டாயை எங்கே போட்டிருக்கிறாள் என்று
பார்க்க வேண்டும்.
கடப்பாறையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
நாலு எட்டு வைப்பதற்குள்
பின்னால்
சரக், சரக்.