மணி அடித்தேன்

வூச் என்றால் படகு.
படகு என்று பெயர் வைத்த ஊரில்
ஆறுகளையெல்லாம் குழாயில் அடைத்துத்
தெருவுக்கடியில் புதைத்துவிட்டோம்.
மேலே டிராம் ஓடுகிறது.

பேராசிரியர் யாத்விகா ஸெலிகாவின் ஒலிப்பதிவுகளை
எழுத்தில் இறக்குவது என் வேலை.
நிமிடக் கணக்கில் கூலி.
மௌனத்துக்கும் உண்டு.
முதல் நாளே சொல்லிவிட்டார்:
மூன்று விநாடியைத் தாண்டினால்
எண்ணி எழுதுங்கள்.

ஒன்பது வருடம் எண்ணினேன்.

பேசுகிறவர்கள் டிராம் ஓட்டுநர்கள்.
தண்டவாளத்தில் யாரோ வந்து நின்றிருப்பார்,
அல்லது பனியில் வழுக்கியிருப்பார்,
அல்லது தொலைபேசியில் யாரிடமோ
இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.
விசாரணை முடிந்து, குற்றமில்லை என்று தாள் கொடுத்து,
நிர்வாகம் இவரிடம் அனுப்பும்.

அவர் குரல் எப்போதும் ஒரு படி உரக்க.
தறிச் சத்தத்தில் காது போன தாயோடு
பேசி வளர்ந்த குரல்.
அதனாலோ என்னவோ
பதில் வரும்வரை முகத்தையே பார்ப்பாராம்.
பதிவில் முகம் விழாது.
நாற்காலி கிரீச்சிடுவது விழும்.

இருபத்திரண்டு கேள்விகள்.
கடந்த ஏழு நாட்களில் தூக்கம் எப்படி?
கடந்த ஏழு நாட்களில் எத்தனை தரம் திடுக்கிட்டீர்கள்?
பூஜ்ஜியத்திலிருந்து நான்குவரை ஓர் எண் சொல்ல வேண்டும்.
பத்தாம் எண் தடத்து ஸெனோன் கர்பார்ச்சிக் கேட்டார்:
எட்டாம் நாளை யார் கேட்பார்கள், அம்மா?
ஏழு விநாடி.
பேராசிரியர்: ம்.

நான் அதிகம் தட்டச்சு செய்த சொல் அதுதான்.
வாயைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.
உயிர் கலக்காத சொல்,
மெய் மட்டும்.

நிதிக்குழு மூன்று முறை திருப்பி அனுப்பியது.
மாதிரி சிறியது. ஒரே ஊர். ஒப்பிடக் குழு இல்லை.
மாதிரி பெரிதாக
இன்னும் எத்தனை பேர் விழ வேண்டும்
என்று அவர் பதில் எழுதினார்,
அழித்தார்,
இணைப்பு இரண்டைக் காண்க என்று எழுதி அனுப்பினார்.

முப்பத்தெட்டாம் பதிவில்தான் எனக்கு உறைத்தது.
'ம' என்று தட்டியதும் கணினி தானாகவே
'மணி அடித்தேன்' என்று முடித்து வைத்தது.
தேடிப் பார்த்தேன்.
தூக்கத்தைக் கேட்டால், வருகிறது, மணி அடித்தேன்.
பசியைக் கேட்டால், மனைவி சூப் வைக்கிறாள், மணி அடித்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு இடம்.
யாரும் கேட்கவே இல்லை அவர்களை.

அவரிடம் போய்ச் சொன்னேன்.
தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினார்.
மேசை முழுக்கக் காகிதம்.
கடைசியில் கையிலேயே வைத்துக்கொண்டு
இத்தனை வருடமும் இந்த அறையில்தான் இருந்தேன் நான், என்றார்.

அடுத்த மாதத்திலிருந்து இருபத்து மூன்றாவது கேள்வி:
மணி அடித்தீர்களா?
அடித்தேன், அடித்தேன், அடித்தேன்,
சிலர் அழுதுகொண்டு, ஒருவர் கோபமாக.

ஸெனோன் மறுமுறை வந்திருந்தார்.
முந்தைய பதிவில் ஐந்து தரம் மணி அடித்தவர்.
கேள்வி.
நாற்பத்தாறு விநாடி.
வெளியே ஏதோ டிராம் திரும்பும் சத்தம்.
பிறகு: இல்லை.
கால் பிரேக்குக்குப் போனது, அம்மா.
கை மணிக்குப் போகவில்லை.
பேராசிரியர் ம் கூடச் சொல்லவில்லை.

கட்டுரை வெளியாயிற்று.
மதிப்பீட்டாளர் ஒருவருக்கு இருபத்து மூன்றாவது கேள்வி
மற்றவற்றோடு ஒட்டவில்லை.
எடுத்துவிட்டார்கள்.
அடிக்குறிப்பு ஒன்பதில் சிறிய எழுத்தில் இருக்கிறது.
அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மாதிரி நாற்பத்தொன்றோடு நின்றது.

நாற்பத்தாறு விநாடிக்கும் சேர்த்து
கூலி வந்திருந்தது அந்த மாதம்.
சரியாகக் கணக்கிட்டிருந்தார்கள்.
வாங்கிக்கொண்டேன்.