துபாஷி

கோடைக்கானல் பங்களாவில் இரண்டு வருஷம்
தமிழ் படித்துவிட்டு வந்தாள் ராக்ன்ஹில்ட் துரைசாணி.
வேதாகமத் தமிழில்தான் நாடி பிடிப்பாள்:
"உம்முடைய நோவு எவ்விடத்தில்?"
குண்டலபள்ளி வெறித்துப் பார்க்கும்.
இங்கே யாருக்கும் நோவு வருவதில்லை,
நொப்பி வரும்.

அதனால் நான்.
குடியாத்தத்து ஏசுபாதம், எட்டாவது பெயில்,
மாசம் பதினான்கு ரூபாய்,
ஞாயிற்றுக்கிழமை மணி அடிப்பதும் அதில் சேர்த்தி.

பெயர் வாயில் நுழையாமல்
ஜனங்கள் அவளை ரங்கம்மா ஆக்கினார்கள்.
அது பெருமாள் வீட்டுப் பெயராமே என்று
ஓஸ்லோவிலிருந்து சபையார் கேட்டு எழுதினார்கள்.
"கூப்பிட்டால் திரும்புகிறேன்" என்று பதில் போட்டாள்.
தபால்தலை ஒட்டியது நான்.

மாநிலம் பிரித்த வருஷம்
ஆஸ்பத்திரி ஆந்திராவில் விழுந்தது,
கிணறு மதராஸில்.
கத்தி வேகவைக்கும் தண்ணீர்கூட
எல்லை தாண்டித்தான் வந்தது.

அந்த ஐப்பசி மழையில்
மொகிலி பக்கமிருந்து கட்டை வண்டியில் வந்தவள் கெங்குலு.
மூன்று நாள் வலி.
பிள்ளையின் கை மட்டும் வெளியே, நீலம் பாரித்து.
முழங்கை வரை சோப்பு நுரையோடு ரங்கம்மா சொன்னாள்:
"பிள்ளை போய்விட்டது. வயிற்றைக் கீறினால் இவள் பிழைப்பாள்.
சம்மதமா, கேள்."

கேட்டேன்.
கெங்குலு என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு
"வத்து" என்றாள்.
மறுபடியும், பல்லைக் கடித்து, "வத்து".
சோதனைச் சாவடி நாய்க்கும் தெரிந்த சொல் அது.
நான் திரும்பி
"சரி என்கிறாள்" என்றேன்.

பிழைத்தாள்.
கர்ப்பப்பை பிழைக்கவில்லை.
புருஷன் அடுத்த தையிலேயே வேறொருத்தியைக் கட்டினான்.
ஆனாலும் வருஷா வருஷம் ரங்கம்மாவுக்குப் புளி கொண்டுவருவாள்,
கொட்டை எடுத்து, உப்புப் போட்டு உருட்டி.
என் மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும்.
தாண்டிப் போவாள்.

நாலு வருஷத்தில் சமையல்கட்டிலிருந்து
ரங்கம்மாவுக்குத் தெலுங்கு வந்தது,
முதலில் வெங்காயம், பிறகு வசவு.
ஒரு மத்தியானம்
கொய்னா மருந்துக்குப் பயந்த பொடியன் ஒருவன்
"வத்து வத்து" என்று கட்டிலுக்கடியில் ஓடினான்.
சிரித்தாள்.
சிரிப்பு பாதியில் நின்றது.
கரண்டியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள்.
"ஏசுபாதம், அந்த மழையில்..."
நான் பட்டப்பகலில்
அரிக்கேன் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வேலையை விட்டு நீக்கவில்லை.
பழைய ரிஜிஸ்தரைக் கேட்டு வாங்கினாள்.
கெங்குலு பெயருக்கு நேரே
தானே எழுதிய "சம்மதம்" மேல் கோடு இழுத்து,
தெலுங்கு எழுத்தில், நண்டு ஊர்ந்த மாதிரி,
அந்த ஒரு சொல்லை எழுதினாள்.
மை காயும்வரை ஊதினாள்.

அதற்குப் பிறகு அவளே கேட்டாள்,
ஓட்டைத் தெலுங்கில், தரையில் உட்கார்ந்து.
எனக்கு விளக்குப் பிடிக்கும் வேலை.
வத்து என்றால் காத்திருப்பாள்.
விடியும்போது சிலர் சரி என்பார்கள்.
மூன்று பேர் கடைசிவரை சொல்லவில்லை.
ஆராதனைக் கூடத்துக்குப் பின்னால்
புங்க மரத்தடியில் இருக்கிறார்கள்.
அந்த மூன்று ராத்திரியும்
நாக்கை மடித்து வைத்துக்கொண்டு நின்றேன்.
யார் செய்தது சரி என்று
அவளும் கேட்டதில்லை, நானும்.

அவள் கப்பலேறிப் பதினேழு வருஷம்.
கடிதம் நின்று ஆறு.
இந்தத் தையிலும் கெங்குலு வந்தாள், கோல் ஊன்றி.
"ரங்கம்மா எழுதினாளா?" என்றாள் தெலுங்கில்.
"எழுதினாள். உன்னை விசாரித்தாள்" என்றேன்.
என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்
வெகு நேரம்.
பிறகு மடியை அவிழ்த்து
புளி உருண்டையை
என் மேசைமேல் வைத்தாள்.