பர்மா புலி

பர்மாவை நான் பார்த்ததில்லை.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டவே
அரைமணி ஆகும்.
நோட்டீசில் மட்டும் ரங்கூன்காரன்.

தோற்றால் இருபது ரூபாய்.
நெற்றியில் ரத்தம் வந்தால் மேலே எட்டு.
பிளேடுத் துண்டை மணிக்கட்டுப் பட்டையில்
பத்மாசினிதான் ஒட்டிவிடுவாள்,
பால்காரன் பாக்கியைச் சொல்லிக்கொண்டே.

அன்று தண்டையார்பேட்டை மைதானத்தில்
'இரும்பு' எத்திராஜுலுவுக்கு டைபாய்டு.
பிடித்த கையில் பிடியே இல்லை.
கழுத்தை நெரிக்கிற சாக்கில்
காதோரம் சொன்னான்:
"இன்னிக்கு உன்னத் தூக்க முடியாதுடா கன்னியப்பா."

சனம் கத்துகிறது, புலியைத் தூக்கு, புலியைத் தூக்கு.

அவன் தோளை இறுக்கி
இரண்டு காலையும் உதைத்து
என்னை நானே தூக்கிக்கொண்டேன்.
மேலிருந்து
துறைமுகத்துக் கிரேன் விளக்கெல்லாம் தெரிந்தது.
பிறகு
என்னை நானே போட்டேன்.

ஒன்று, இரண்டு என்று நடுவர் எண்ண
அவன் என்மேல் கிடந்தான், அடுப்புக்கல் மாதிரி.
உருண்டு விழாமல் இருக்க
முழங்காலால் முட்டுக்கொடுத்தேன்.
மூன்று.

"இன்னா பலம்பா!"
மாலையோடு அவனைத் தூக்கிப் போனார்கள்.

வீட்டில் பத்மாசினி நோட்டை எண்ணினாள்.
திரும்ப எண்ணினாள்.
"ரத்தம் வரலியா?"

மறந்துவிட்டேன்.
பிளேடு பட்டையிலேயே இருந்தது.