இரவுக் கடமை முடிந்து ஒரு விளைமீன்

காலை ஆறரை. கையுறை கழற்றிய விரல்களில்
இன்னும் மாவெண்மை.
மாற்றலாகி வந்து பதினொரு நாள்.
இந்த ஊரின் கடல்
பஸ் யன்னலால் மட்டும்தான் எனக்குப் பழக்கம்.
அப்புத்தளையில் எங்களுக்கு மீன் என்றால்
டின்னில் இருக்கும், அல்லது காய்ந்திருக்கும்.
இப்போதுதான் கரையேறிய ஒன்றை
எப்படி விலை கேட்பது?

சந்தை வாசலில் ஒரு புள்ளிமான்
கிழிந்த லொத்தர் சீட்டை மென்றுகொண்டிருந்தது.
பரிசு விழவில்லை போலும்.
உள்ளே
சூரை, பாரை, ஒட்டி, கணவாய்,
பெயர் தெரியாத நீலக் கோடு போட்ட ஒன்று.
ஈரச் சீமெந்தில் என் வெள்ளைச் சப்பாத்து
வேறு நிறத்துக்குப் போனது.

காதில் பேனை செருகிய ஜெசிந்தா
என் சீருடையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"மிஸ், நீங்களே சோதிச்சுப் பாருங்கோ."

சோதித்தேன்.
கண் கலங்கவில்லை.
செவுள், டோர்ச் அடித்துப் பார்க்கும்
காய்ச்சல்காரன் தொண்டைச் சிவப்பு.
பெருவிரலால் விலாவில் அழுத்தினேன்.
விழுந்த குழி உடனே மேலே வந்தது.

ஏழாம் வாட்டில், பதினாலாம் கட்டிலில்,
மூதூர் ஜவாஹிரின் கணுக்காலில்
மூன்றரை மணிக்கு நான் இட்ட குழி
நான் திரும்பி நடக்கும்வரை
அப்படியே இருந்தது.

"கிலோ ஆயிரத்து அறுநூறு."
"கூட."
"கடலிட்ட போய்க் கேளுங்கோ."
வாங்கினேன்.

தெருவுக்கு வந்த பிறகுதான் ஞாபகம்:
நான் அறையெடுத்திருக்கும் வீட்டில் கந்தசஷ்டி.
உள்ளி மணத்துக்கே
வீட்டுக்கார அக்கா எல்லா யன்னலும் திறப்பா.
கையில் முக்கால் கிலோ விளைமீன்.
பையின் மூலை சொட்டுச் சொட்டாய்
நான் போகும் வழியை எழுதிக்கொண்டு வந்தது.

பஸ் நிலையத்துக்கு எதிரே சோமலதாவின் கடை.
பையை விரித்து மூக்கை உள்ளே விட்டாள்.
"மீவெட்டியா! ஹொந்தய்."
ஆனால் அடுப்பு முழுக்க இடியப்பத் தட்டு,
கொழும்பு பஸ் புறப்பட இருபது நிமிடம்,
ட்ரைவர் வேறு கத்துகிறான்.
"பே மிஸ், பே" என்றபடியே
கொறுக்காய் இரண்டு துண்டு கடதாசியில் சுற்றிப்
பைக்குள் போட்டாள்.
ஏனென்று கேட்பதற்குள்
இடியப்பத்துக்குத் திரும்பிவிட்டாள்.

பாலையூற்றில் டொரீன் ஆன்ரி
யாருக்கும் சமைத்துக் கொடுப்பா என்றான் ஓட்டோக்காரன்.
கதவில் சோக்குக்கட்டி எழுத்து:
கல்யாணம். திங்கள் வருவோம்.
பக்கத்து வளவில் யாரோ
வயலினுக்குச் சுதி கூட்டுகிறார்கள்.
மீன் வெயிலில் நின்றது. நானும்.

எட்டரைக்கு, ஜமாலியாவில், உவைஸின் சாப்பாட்டுக் கடை.
"குழம்பு வச்சுத் தருவீங்களா?"
"ஆணமா? வைக்கலாம். கொறுக்காய் ஆர் தந்த?"
சொன்னேன்.
"அவ எதுக்கும் கூடத்தான் போடுவா,"
ஒரு துண்டை எடுத்துத்
தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மேசையில் தலை சாய்த்து உறங்கிப்போனேன்.
எழுப்பியது மணம்.
பாலின் ஓரம் மஞ்சளாய் எண்ணெய் பிரிந்து,
கறிவேப்பிலை இன்னும் சடசடத்து.
முதல் வாய் நாக்கைச் சுட்டது.
இரண்டாம் வாயிலிருந்து எனக்குப் பேச்சில்லை.
முள்ளை விட்டுச் சதை
சண்டையில்லாமல் கழன்றது.

பாதி முடிந்த பிறகுதான் கவனித்தேன்.
"தலை எங்க?"
"அடுப்பு வாடகை" என்றான்.
உள்ளே யாரோ முள் உறிஞ்சும் சத்தம்.

இரவு, மறுபடி ஏழாம் வாட்.
மூன்று தடவை சவர்க்காரம் போட்ட கையால்
ஜவாஹிரின் நாடி பிடிக்கிறேன்.
உப்பில்லாச் சோற்றில் அவனுக்கு ஒன்பதாவது நாள்.
கண் திறக்கவில்லை, மூக்கு மட்டும் அசைந்தது.
"விளை" என்றான்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
"புளி ஒரு துண்டு காணாதே, மிஸ்.
ஆர் களவெடுத்த?"

எண்ணிக்கை பிழைத்துப்போய்
ஒன்றிலிருந்து தொடங்கினேன்.